'சும்மா ஒரு கிளாஸ்' எடுத்திருக்கும் தங்கைகளுக்கு



ஆகஸ்ட் கடைசி வாரத்தில் எங்கள் கல்லூரியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எட்டரை மணி வகுப்புக்கு எட்டு மணிக்கே வந்து, வரிசை வரிசையாகச் சுற்றி, கடைசியில் டென்னிஸ் மைதானத்துக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வருவார்கள். அக்டோபர் நடுவில் ஒன்பது மணிக்கு வந்தாலும் வாசலுக்கு எதிரிலேயே நிறுத்தலாம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று கல்லூரி அலுவலகம் வருடா வருடம் கணக்கெடுக்கிறது. எனக்கு அந்தப் பார்க்கிங் லாட் போதும்.

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் ட்யூட்டரிங் சென்டரில் பதினாலு வருடமாகக் கணக்கும் அக்கவுண்டிங்கும் சொல்லிக் கொடுக்கிறேன். கவுன்சிலர் இல்லை, பேராசிரியர் இல்லை. புரியாத கணக்கோடு வந்து உட்காருகிறவர்களுக்கு எதிர்ப்பக்க நாற்காலியில் இருப்பவள், அவ்வளவுதான். கணவரின் வேலை விசாவை ஒட்டி ஹெச்-4-இல் வந்து, ஒன்றிரண்டு வருடம் வீட்டிலிருந்துவிட்டு, கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பெண்கள் நீங்கள் அந்த மேஜைக்கு நிறையவே வருகிறீர்கள். மூன்று வாரம், நான்கு வாரம் வருவீர்கள். அப்புறம் காணோம். பிறகு உங்களை இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காய் பொறுக்கும்போதுதான் பார்க்கிறேன். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நாள் நான் கேட்பது ஒரே கேள்வி: "என்ன கிளாஸ்மா எடுத்திருக்கே, எதுக்கு?" பத்தில் எட்டுப் பேர் சொல்வது ஒரே பதில். "சும்மாதான்கா. வீட்லயே உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும் போல இருந்துச்சு. அதான் சும்மா ஒரு கிளாஸ்."

இப்படிச் சொல்கிறவள் ஊரில் பி.இ. முடித்து ஆறு வருடம் டீம் நடத்தியவளாக இருப்பாள். எம்.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவளாக இருப்பாள். அவளுக்குச் சும்மா எதையும் செய்து பழக்கமே இல்லை. அந்தச் 'சும்மா' எனக்காகச் சொன்னதும் இல்லை. நாளைக்கு விட்டுவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கக்கூடாதே என்று முன்கூட்டியே போட்டுக்கொள்கிற வேலி அது. சும்மா ஆரம்பித்ததுதானே, சும்மா நின்றுவிட்டது. நான் பார்த்தவரையில் எந்தப் பாடமும் உங்களில் ஒருத்தியையும் தோற்கடித்ததில்லை. தோற்கடித்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான்.

இடமும் அதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. 1907-இல் கலிபோர்னியா சட்டம் போட்டு, 1910-இல் ஃபிரெஸ்னோவில் முதல் ஜூனியர் காலேஜ் தொடங்கியது. இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள். கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர்; 2012 கோடையிலிருந்து அதே 46தான். மூன்று யூனிட் வகுப்பு 138 டாலர். காஸ்ட்கோவுக்கு ஒரு முறை போய்வந்தால் ஆகிற செலவு. (இந்த விலை மாநிலத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் குடியிருந்தவர்களுக்கு. ஹெச்-4-இல் இருப்பவர்களும் அந்தக் குடியிருப்புத் தகுதியைப் பெறலாம். அது தெரியாமல் வெளிமாநிலக் கட்டணமாக யூனிட்டுக்கு நூற்றுக்கணக்கில் கட்டியவர்கள் உண்டு. அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் கேளுங்கள்.) பதினெட்டு வயது ஆனவர் யாராக இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். உள்ளே வர ஒருவரும் தடுப்பதில்லை. வெளியே போகவும் ஒருவரும் தடுப்பதில்லை. ஊரில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வகுப்புக்குப் போகாவிட்டால் ஹெச்.ஓ.டி. அப்பாவுக்கு போன் போட்டுவிடுவார். அது அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இங்கே நீங்கள் மூன்று வாரம் வராவிட்டாலும் உங்கள் அப்பாவின் போன் அடிக்காது.

அதனால் 'எதுக்கு' என்ற கேள்விக்குப் பதிலை நீங்களேதான் கையோடு வைத்திருக்க வேண்டும். லட்சியம், கனவு என்று மேடைப் பேச்சாக எதுவும் வேண்டாம். போன வருடம் ஒரு கரூர்க்காரப் பெண் வந்தாள். பிள்ளையை பிரீஸ்கூலில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கலாமே என்று சைல்ட் டெவலப்மென்ட்டில் ஒரு வகுப்பு எடுத்திருந்தாள். சும்மாதான். நான் ஒரு ரசீதைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். கலிபோர்னியாவின் டைட்டில் 22 விதிப்படி, உரிமம் பெற்ற பிரீஸ்கூலில் ஆசிரியராக இருக்க எர்லி சைல்ட்ஹுட் பாடங்களில் 12 யூனிட்டும் ஆறு மாத அனுபவமும் வேண்டும். 12 யூனிட் என்றால் நான்கு வகுப்பு. செமஸ்டருக்கு இரண்டு என்றால் ஒரு வருடம், ஒன்று ஒன்றாக எடுத்தால் இரண்டு வருடம். ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, மீதி மூன்று. அந்த ரசீதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூணுதானாக்கா?" என்றாள். அந்த 'தானா'வைக் கேட்கத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். ரசீது இப்போது அவள் வீட்டு ஃபிரிட்ஜில் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது. இரண்டு வகுப்பை அடித்துவிட்டாள், இன்னும் இரண்டு பாக்கி.

எல்லாக் கணக்கும் இப்படிச் சுகமாக முடியாது. நர்ஸ் ஆக வேண்டும் என்று ஒரு பெண் வந்தாள். இரண்டு செமஸ்டர் முடித்திருந்தாள். எடுத்தது சைக்காலஜி, நியூட்ரிஷன், யோகா. ஆர்.என். படிப்புக்கு விண்ணப்பிக்கவே அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி ஆகியவற்றை லேப்போடு முடித்திருக்க வேண்டும். அந்த லேப் வகுப்புகளில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. டீஸ் என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. இருக்கிற இடங்களைவிட விண்ணப்பிப்பவர்கள் அதிகம் என்பதால் சில கல்லூரிகள் மதிப்பெண் வரிசை வைக்கின்றன, சில குலுக்கலே போடுகின்றன. இதெல்லாம் அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. கேட்டறிந்த பிறகு ஒரு வாரம் அழுதாள். பிறகு உட்கார்ந்து யோசித்து மெடிக்கல் அசிஸ்டன்ட் படிப்புக்கு மாறினாள். இலக்கை இறக்கிவிட்டாளே என்று நினைப்பீர்கள். வீட்டில் நான்கு வயதும் ஒரு வயதுமாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எதை இப்போது செய்ய முடியும், எதை ஆறு வருடம் கழித்துச் செய்யலாம் என்று பிரித்தாள். அதற்குப் பெயர் இறங்குவது என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத் தரக் கல்லூரியிலேயே ஆள் இருக்கிறார்கள். கவுன்சிலர்கள். அவர்களோடு உட்கார்ந்து 'எஜுகேஷன் பிளான்' என்று ஒன்று தயாரிக்கலாம்: எந்த செமஸ்டரில் எந்த வகுப்பு, எத்தனை யூனிட், முடிவில் சர்ட்டிஃபிகேட்டா, அசோசியேட் பட்டமா, யுனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபரா. 2012-இல் வந்த சட்டம் இந்தத் திட்டத்தைக் கல்லூரியின் பொறுப்பாகவே ஆக்கியது. ஓரியன்டேஷனையும் இந்தத் திட்டத்தையும் முடித்தவர்களுக்கு அடுத்த செமஸ்டர் பதிவில் முன்னுரிமையும் உண்டு. இருந்தும் நம் பெண்களில் பாதிப் பேர் கவுன்சிலர் அறை எந்தப் பக்கம் என்றே பார்த்ததில்லை. 'கவுன்சிலிங்' என்ற சொல்லைக் கேட்டதும் மனநல ஆலோசனை என்று நினைத்துக்கொண்டேன் என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்திக்கு அது ஊரில் எம்.பி.பி.எஸ்., இன்ஜினியரிங் சீட் ஒதுக்குகிற கவுன்சிலிங். இரண்டும் இல்லை. முப்பது நிமிட அப்பாயின்ட்மென்ட், காசு கிடையாது. ஊர்ப் பட்டத்தின் மதிப்பீட்டுச் சான்று இருந்தால் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிக்காமல் தப்பிக்கலாம்.

இங்கிலீஷைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவதுவரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள்கூட இங்கே வாய் திறக்க பயந்து, ஈ.எஸ்.எல். வகுப்பில் போய் உட்கார்ந்து, அதிலேயே மூன்று செமஸ்டரைக் கழிக்கிறாள். 2017-இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு, தகுதியுள்ளவர்களைக் கீழ்நிலை வகுப்புகளில் கல்லூரிகள் நிறுத்திவைக்க முடியாது. கல்லூரி நிறுத்தாவிட்டால் நீங்களாகவே போய் நின்றுகொள்வதா? உச்சரிப்பு கேலிக்குரியது என்ற எண்ணத்தை விடுங்கள். இங்குள்ள வகுப்பறைகளில் வியட்நாம், மெக்ஸிகோ, எத்தியோப்பியா எல்லா உச்சரிப்பும் கேட்கும். திருநெல்வேலி உச்சரிப்பும் கேட்கட்டும்.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் உபதேசம் மட்டும் செய்தால் நியாயமில்லை.

2003 ஜனவரியில் நானும் சும்மா ஒரு கிளாஸ் எடுத்தேன். ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங். அப்போது ஹெச்-4-இல் இருப்பவர்கள் வேலை பார்க்க வழியே கிடையாது. (அது 2015 மே மாதத்தில்தான் மாறியது, அதுவும் கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் போன்ற நிபந்தனைகளோடு.) முதல் தேர்வில் 94 வாங்கினேன். ஆறாவது வாரம் மகளுக்குக் காதில் சீழ். ராத்திரி முழுக்க அழுகை, இரண்டு முறை எமர்ஜென்சி. இரண்டு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் குழந்தைக்குச் சரியாகிவிட்டது. நான்தான் போகவில்லை. அந்தப் பேராசிரியர் முகத்தை எப்படிப் பார்ப்பது? காரணம் சொன்னால் சாக்கு என்று நினைப்பாரோ? இன்றைக்கு வேண்டாம், திங்கட்கிழமை போகலாம் என்று நான்கு திங்கட்கிழமை போனது. வகுப்பை முறைப்படி விடவும் இல்லை. போகாவிட்டால் அவர்களே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எடுக்கவில்லை. ஜூன் மாதம் தபாலில் மார்க் வந்தது. எஃப்.

வாழ்க்கையில் அதுவரை நான் எதிலும் ஃபெயிலானதில்லை. அந்தக் காகிதத்தைப் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அடுத்த ஆறு வருடம் கல்லூரி இருந்த சாலை வழியாகக்கூடப் போகாமல் சுற்றிப் போனேன். 2009-இல் திரும்பி வந்து அதே பாடத்தை எடுத்து ஏ வாங்கியதும் சராசரியில் பழைய எஃப் கழிந்துவிட்டது. மார்க் பட்டியலில் மட்டும் இன்றும் அப்படியே நிற்கிறது, பக்கத்தில் ஒரு குறியோடு. அந்த ஆறு வருடத்தை யார் கழித்துத் தருவார்கள்?

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது சில தேதிகள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முழு செமஸ்டர் வகுப்பென்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் விட்டால் கட்டிய பணம் திரும்ப வரும். செமஸ்டரில் ஐந்தில் ஒரு பங்கு முடிகிற நேரத்தில் 'சென்சஸ்' என்று ஒரு நாள் உண்டு. அதற்கு முன் விட்டால் மார்க் பட்டியலில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு, அதிகபட்சம் நான்கில் மூன்று பங்கு முடியும்வரை, விட்டால் டபிள்யூ என்று விழும். டபிள்யூ சராசரியைத் தொடாது. ஆனால் ஒரே பாடத்தை மொத்தம் மூன்று முறைதான் முயலலாம் என்ற கணக்கில் அதுவும் ஒன்று. உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு, நம் கையில் இல்லாத காரணம் என்றால் ஆதாரம் காட்டி 'எக்ஸ்க்யூஸ்ட் வித்டிராயல்' கேட்கலாம். அது அந்த மூன்றில் சேராது. செமஸ்டர் முடியப்போகிறது, கடைசி அசைன்மென்ட் மட்டும் நிற்கிறது என்றால் பேராசிரியர் 'இன்கம்ப்ளீட்' போட்டு ஒரு வருடம்வரை அவகாசம் தரலாம். குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் எல்லாத் தேதியும் இன்னும் நெருக்கமாக வரும். எந்தத் தேதியானாலும், விடுவதென்றால் கையால் விடுங்கள். காணாமல் போகாதீர்கள்.

விடுவதற்கு முன் பேராசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள். "என் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, இரண்டு வாரம் வர முடியவில்லை, எனக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறதா?" அவ்வளவே. நமக்கு அது வராது. சாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு "மே ஐ கம் இன் சார்" என்று நின்றவர்கள். இங்கே ஆஃபீஸ் ஹவர்ஸ் என்று சிலபஸில் போட்டுவிட்டு, கதவைத் திறந்துவைத்து, ஒருவரும் வராமல் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

படிப்பில் ஆட்களைத் தக்கவைப்பது எது என்று நியூயார்க் நகரத்துக் கல்லூரிகள் ஒரு பரிசோதனையே நடத்திப் பார்த்தன. 2007-இல் அந்நகரப் பல்கலைக்கழகமான கியூனியில் ஏ.எஸ்.ஏ.பி. என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அடிக்கடி சந்தித்தாக வேண்டிய ஒரு ஆலோசகர், பாடப்புத்தகத்துக்கு உதவி, உதவித்தொகை போக மீதிக் கட்டணம் தள்ளுபடி, பஸ்ஸுக்கும் சப்வேக்கும் மெட்ரோகார்டு. பதிலுக்கு முழுநேரமாகப் படிக்க வேண்டும். குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் முடித்திருந்தார்கள். இல்லாதவர்களில் 22 சதவீதம். இதில் எந்த மந்திரமும் இல்லை. "ஏன் வரலை?" என்று கேட்க ஒரு ஆள், வந்து சேர ஒரு பஸ் கார்டு. நம் ஹெச்.ஓ.டி. போன் போட்டதைத்தான் அவர்கள் மரியாதையாகச் செய்திருக்கிறார்கள்.

நம் பெண்களுக்கு இந்த இரண்டையும் தர வேண்டியது வீடு. அதனால் ஒரு பத்தி உங்கள் வீட்டுக்காரர்களுக்கு. தம்பிகளே, டிசம்பர் முதல் வாரத்தில் டிக்கெட் மலிவு என்று சென்னைக்குப் புக் பண்ணிவிட்டுப் பிறகு சொல்கிறீர்கள். ஃபைனல்ஸ் நடப்பது டிசம்பர் நடுவில். பதினைந்து வாரம் படித்தவள் பதினாறாவது வாரம் விமானத்தில் இருக்கிறாள். ஆபீஸில் ஜிரா போர்டில் ஒவ்வொரு டிக்கெட்டாக நகர்த்தி, யாருக்கு எந்தத் தேதி என்று அத்தனை துல்லியமாகப் பார்க்கிறீர்கள். வீட்டு காலண்டரில் அவளுடைய மிட்டெர்ம் என்றைக்கு? அம்மா ஆறு மாதம் தங்க வருவது எந்த செமஸ்டரில் என்பதையும் அவளைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மாமியார் வந்த பிறகு நின்றுபோன படிப்புகளை எண்ண எனக்கு இரண்டு கை போதாது. அதே மாமியார் பேரனைப் பார்த்துக்கொண்டதால் முடிந்த படிப்புகளும் இருக்கின்றன, அதையும் மறைக்கக் கூடாது. முன்னாலேயே பேசி வைத்ததும் வைக்காததும்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

தங்கைகளே, இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது நீங்கள். "சும்மா ஒரு கிளாஸ்" என்று நீங்களே சொன்னால் அவர் டிக்கெட் போடத்தான் செய்வார். "பிரீஸ்கூல் டீச்சர் ஆகப் போறேன், இன்னும் மூணு கிளாஸ், இந்த செமஸ்டர் டிசம்பர் 18-ல முடியுது" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது உங்கள் குரலே மாறும்.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார். படிப்பேன் என்று பொதுவாகத் தீர்மானிப்பவரைவிட, இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்னமே முடிச்சுப் போட்டு வைப்பவர் காரியத்தை முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அதன் சாரம். நம் பாட்டிகள் ஊருக்குக் கிளம்பும்போது புளிச்சோறு கட்டிக்கொண்டது இதற்குத்தான். நீங்களும் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்று காலை எட்டு மணிக்குள் பேராசிரியருக்கு மெயில். ஒரு வகுப்பு தவறினால் அதே நாள் சாயங்காலம் பக்கத்து இருக்கைக்காரிக்கு போன் செய்து நோட்ஸ். அந்தப் பக்கத்து இருக்கைக்காரியின் நம்பரை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். தமிழ்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு தேர்வில் 60 வந்தால் அந்தத் தாளோடு நேரே என் மேஜைக்கு வர வேண்டும்.

ட்யூட்டரிங் சென்டர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜன்னலோரம் மூன்றாவது மேஜை. செவ்வாயும் வியாழனும் காலை பத்திலிருந்து மதியம் இரண்டுவரை இருப்பேன். இந்த செமஸ்டரின் சென்சஸ் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள். வரும்போது ஒரு பழைய ரசீது எடுத்து வாருங்கள், பின்பக்கம் எழுதலாம். போன வருடம், அதற்கு முந்தின வருடம் காணாமல் போனவர்களும் வரலாம். எதற்கு நின்றாய் என்று நான் கேட்க மாட்டேன். எந்தப் பாடத்தில் விட்டாய் என்று மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
மூன்றாவது மேஜை அக்கா